ஸ்டர்பாஸுக்கு ஒரு வரிசை, இன்_அரேக்கு ஒரு வரிசை: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை எப்படிச் சொல்லித்தருவது?

கேட்டவர்: கிண்டி நிரலர்

வணக்கம். கிண்டி எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை செய்கிறேன். ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்துதருகிறோம். சர்வரில் பிஎச்பி, கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட், ராத்திரி ஸ்டாக் கணக்கைச் சரிபார்க்கப் பைத்தான். இந்த வருஷம் கல்லூரி முடித்து வந்த நாலு பேருக்குப் பிஎச்பி சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நாலு பேருமே கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் ஃபங்ஷன்களின், அதாவது மொழியில் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் சின்னச் சின்ன வேலைகளின், பெயர்களில்தான் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஒரு பெயரைக் கற்றுக்கொண்டால் அடுத்த பெயரை ஊகிக்க முடியவேண்டும். பிஎச்பியில் அது நடப்பதில்லை. சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளம் சொல்லும் ஸ்டர்லென், சரத்துக்குள் தேடும் ஸ்டர்பாஸ் இரண்டிலும் அண்டர்ஸ்கோர் (_) கிடையாது. ஸ்டர்_ரீப்ளேஸ், ஸ்டர்_பேட் இரண்டிலும் உண்டு. யூஆர்எல்என்கோட் சேர்த்து எழுத வேண்டும், பேஸ்64_என்கோட் பிரித்து எழுத வேண்டும். கெட்டைப் சேர்த்து, கெட்_கிளாஸ் பிரித்து. எச்டிஎம்எல்என்டிட்டீஸ் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு, அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர எச்டிஎம்எல்_என்டிட்டி_டீகோட் என்று இரண்டு அண்டர்ஸ்கோர் போட வேண்டும்.

பெயரோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஆர்க்யுமென்ட் வரிசையும், அதாவது ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளின் வரிசையும், மாறுகிறது. ஸ்டர்பாஸில் எங்கே தேடுவது என்பது முதலில் வரும், எதைத் தேடுவது என்பது அப்புறம். அரேக்குள் (மதிப்புகளின் பட்டியலுக்குள்) தேடும் இன்_அரேயில் இது தலைகீழ். அரே_மேப்பில் கால்பேக் (ஒவ்வொரு உறுப்பின்மேலும் ஓட்டவேண்டிய ஃபங்ஷன்) முதலில். அரே_ஃபில்டரில் அரே முதலில்.

இதைப் பற்றி எழுத வைத்த சம்பவத்தைச் சொல்கிறேன். தி.நகரில் ஒரு கடை. புடவையில் கட்டித் தொங்கவிடும் விலைச்சீட்டில் பொருளின் பெயர் தமிழில் வரவேண்டும். 'பட்டு' என்று கொடுத்தால் சரியாக அச்சாகிறது. 'காஞ்சிபுரம் பட்டு' என்று கொடுத்தால் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. விலை இருக்கிறது, பார்கோடு இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. எரர் லாகில் ஒரு வரிகூடக் கிடையாது. சீட்டில் இடம் போதாது என்று, அந்தக் கோடை முன்பு எழுதியவர் சரத்தை வெட்டும் சப்ஸ்டர் வைத்து 20-இல் வெட்டியிருந்தார். அந்த 20 எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் (மெய்யோடு சேரும் கால், புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் குறி) 3 பைட். 'காஞ்சி' முடிய 18 பைட் ஆகிவிட்டது. அடுத்து வரும் 'ப'வில் 2 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெட்டு விழுந்திருக்கிறது. அந்த உடைந்த சரம், வலைப்பக்கத்தில் காட்டுவதற்காகச் சிறப்புக் குறிகளை மாற்றித்தரும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸுக்குப் போனது. கடையின் சர்வரில் இருந்தது பிஎச்பி 7.4. அந்தப் பதிப்பு, சரத்தில் ஓரிடம் உடைந்திருந்தாலும் மொத்தத்தையும் வெற்றுச் சரமாகத் திருப்பித் தந்துவிடும். உடைந்த இடத்தில் மட்டும் மாற்றுக்குறி போட்டு மிச்சத்தைக் காட்டுவது 8.1-இல்தான் இயல்பான நடத்தையானது.

புதியவர்களில் ஒரு பெண் 'காஞ்சிபுரம்' என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொண்டு அளந்து காட்டினாள். ஸ்டர்லென் 33 என்கிறது. பைட்டை விட்டுக் குறிகளை எண்ணும் எம்பி_ஸ்டர்லென் 11 என்கிறது. கிராஃபீம்_ஸ்டர்லென் 6. கா, ஞ், சி, பு, ர, ம் என்று நம் கண்ணுக்குத் தெரிவது அந்த ஆறுதான். எம்பி_சப்ஸ்டர் வைத்து 5-இல் வெட்டிப் பார்த்தால் 'காஞ்ச' என்று வருகிறது, சி-யின் இகரக் குறி போய்விடுகிறது. கடைசியில் கிராஃபீம்_சப்ஸ்டர் போட்டுச் சரிசெய்தோம். அப்புறம் அவள் கேட்டாள்: "எம்பி_ஸ்டர்லென் இருக்கு, எம்பி_ஸ்டர்_ரீப்ளேஸ் ஏன் இல்லக்கா? எது இருக்கும், எது இருக்காதுன்னு எதை வச்சு முடிவு பண்றது?"

"பிஎச்பி அப்படித்தான்" என்று சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. இது இப்படி ஆனதற்கு அவர்களிடம் சொல்லக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, எல்லா ஃபங்ஷனையும் ஒரே சீரான பெயர்களில் மூடி நாமே ஒரு ராப்பர் நூலகம் எழுதிவிடலாம் என்று இரண்டு பேர் ஆர்வமாக இருக்கிறார்கள். விடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: அம்பத்தூர்வாசி

காரணம் இருக்கிறதும்மா, தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். அம்பத்தூரில் மோட்டார் கன்ட்ரோலர்களுக்கு சி எழுதியே என் காலம் ஓடியிருக்கிறது. உங்கள் பட்டியலில் பாதிப் பெயர்களின் பாணி எங்கள் வீட்டிலிருந்து வந்தது.

ஸ்டர்லென், ஸ்டர்பாஸ் மாதிரி ஒட்டி எழுதும் குட்டிப் பெயர்களின் பழக்கம் சி-யினுடையது. அங்கே அது சோம்பலால் வந்ததல்ல. 1989-இன் சி தரநிலையைப் பாருங்கள். ஒரு ஃபைலில் இருக்கும் ஃபங்ஷனை இன்னொரு ஃபைலிலிருந்து கூப்பிடும்போது, பெயரின் முதல் 6 எழுத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று கம்பைலருக்கு அனுமதி தந்திருந்தார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக்கூடக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அன்றைய லிங்கர்களில் (ஃபைல்களை ஒரே நிரலாக இணைப்பவை) பல அவ்வளவுதான் தாங்கும். 1999-இல்தான் அது 31 ஆனது. ஆறு எழுத்துக்குள் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் அண்டர்ஸ்கோருக்கு எங்கே இடம்? யூனிக்ஸில் ஃபைலை உருவாக்கும் அழைப்புக்குக் 'கிரியேட்' என்பதில் கடைசி ஈ இல்லாமல்தான் பெயர். திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த ஈ-யைச் சேர்ப்பேன் என்றார் கென் தாம்சன்.

வரிசைக் குழப்பமும் சி-யிலேயே உண்டு. எஃப்பிரின்ட்எஃப் கேட்பது ஃபைலை முதலில். எஃப்புட்ஸ், எஃப்ரீட், எஃப்ரைட் மூன்றும் ஃபைலைக் கடைசியில் கேட்கும். எல்லாம் ஒரே ஹெடரில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் பிஎச்பியை வெளியிட்டபோது அது சி நூலகங்களுக்கு மேல் போட்ட ஒரு மெல்லிய மூடிதான். எந்த நூலகத்தை இழுத்து வந்தார்களோ அதன் பெயரும் வரிசையும் அப்படியே கூட வந்தன. சி-யின் ஸ்டர்ஸ்டர் தேடும் இடத்தை முதலில் கேட்கும். அதனால் பிஎச்பியின் சரத் தேடல்களும் அப்படியே. சி-யில் இல்லாத வேலைகளுக்குப் புதிதாக எழுதியவர்கள் அவரவர் பழக்கப்படி பெயர் வைத்தார்கள். இன்னொரு காரணத்தை லெர்டார்ஃபே 2013-இல் எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் மொத்தமே நூறு ஃபங்ஷனுக்குள்தான் இருந்தன. பெயரின் நீளத்தையே ஹாஷ் ஆக (எந்தப் பெட்டியில் பார்ப்பது என்று காட்டும் எண்ணாக) வைத்து அவற்றைத் தேடினார்கள். எல்லாப் பெயரும் ஒரே நீளமாக இருந்தால் ஒரே பெட்டியில் குவியும். அதனால் நீளம் பரவலாக இருக்கும்படி பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தாராம்.

அந்தப் பெண் கேட்டதற்கு வருகிறேன், நல்ல கேள்வி. எம்பி_ஸ்டர்_ரீப்ளேஸ் இல்லாததற்குக் காரணம், அது தேவையில்லை. யூடிஎஃப்-8இல் ஒரு குறியின் பைட் வரிசை இன்னொரு குறியின் நடுவில் தப்பாகப் பொருந்தவே பொருந்தாது. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் முழு யூடிஎஃப்-8 சரங்களைக் கொடுத்தால், பைட்டாகத் தேடி மாற்றினாலும் எந்தக் குறியும் உடையாது. எண்ணுவது, வெட்டுவது, நிரப்புவது என்று நீளத்தோடு சம்பந்தப்பட்ட வேலைகளில்தான் எம்பி_ வேண்டும். அவையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. எம்பி_ஸ்டர்_ஸ்ப்ளிட் 7.4-இல் வந்தது, எம்பி_ஸ்டர்_பேட் 8.3-இல், எம்பி_டிரிம் 8.4-இல். சரத்தைத் திருப்பிப் போடும் ஸ்டர்ரெவ்வுக்கு எம்பி_ ஜோடி இல்லை. தமிழ்ச் சரத்தை அதில் போட்டால் பைட்டுகள் தலைகீழாகி மொத்தமும் குப்பையாகும். நீளத்தைத் தொடும் வேலையா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

---

பதில்: பெருங்குடி பேக்எண்ட்

சார் சொன்ன சரித்திரம் அருமை. மேடம், சொல்லித்தரும்போது இன்னொரு பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீரற்ற பெயர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று கத்தும், இன்னொன்று கத்தாது.

ஸ்டர்_லென் என்று தப்பாக எழுதினால் என்ன ஆகும்? அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று அந்த வரியிலேயே நின்றுவிடும். அதற்கு முன்னால் எடிட்டரே சிவப்புக் கோடு போட்டுவிடும். இன்_அரேயில் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால், அரே கேட்ட இடத்தில் சரம் வந்திருக்கிறது என்று பிஎச்பி 8 டைப் எரர் வீசும். ஜாவாவில் அரேக்கு லெங்த் என்ற ஃபீல்டு, சரத்துக்கு லெங்த் என்ற மெத்தட், லிஸ்டுக்கு சைஸ். மூன்றும் மூன்று விதம்தான், ஆனால் மாற்றிப் போட்டால் கம்பைலரே விடாது. இவை எரிச்சல் மட்டும்தான். நாள்பட்டால் கையே கற்றுக்கொள்ளும். இதற்காக வகுப்பு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

ஸ்டர்பாஸில் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டுமே சரம், அதனால் எந்தப் புகாரும் வராது. ஃபால்ஸ் என்று ஒரு பதில் வரும். 'கிடைக்கவில்லை' என்பது நியாயமான பதில்தானே, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சரத்தைத் துண்டாக்கும் எக்ஸ்ப்ளோடில் பிரிக்கும் குறி (காற்புள்ளி என்று வையுங்கள்) முதலில், சரம் அப்புறம். மாற்றிப் போட்டால் அந்தக் காற்புள்ளியை மட்டும் ஒற்றை உறுப்பாக வைத்து ஒரு அரே வரும். கோடு தொடர்ந்து ஓடும், கணக்கு தப்பும். துண்டுகளை மறுபடி ஒட்டும் இம்ப்ளோடு இன்னும் விசேஷம்: எந்த வரிசையில் கொடுத்தாலும் ரொம்ப வருஷம் ஏற்றுக்கொண்டிருந்தது. 7.4-இல் எச்சரிக்க ஆரம்பித்து, 8.0-இல்தான் மறுத்தார்கள். பழைய பிராஜெக்டுகளில் இரண்டு வரிசையும் கலந்து கிடக்கும்.

ஜாவாஸ்கிரிப்டிலும் இதே கதைதான். சப்ஸ்டர் 2, 3 என்றால் 2-ஆம் இடத்திலிருந்து மூன்று எழுத்து. சப்ஸ்ட்ரிங் 2, 3 என்றால் ஒரே எழுத்து. ஒன்றில் இரண்டாவது எண் நீளம், மற்றதில் முடியும் இடம். ஸ்லைஸ் அரேயைத் தொடாது; ஸ்ப்ளைஸ் அரேயையே வெட்டிவிடும். தேதிக்கு வந்தால், கெட்டேட் 1-இலிருந்து எண்ணும், கெட்மந்த் 0-இலிருந்து எண்ணும், கெட்டே என்றால் கிழமை. 1995-இல் ஜாவாவின் டேட் கிளாஸிலிருந்து அப்படியே எடுத்தது. தமிழ்ப் புத்தாண்டுத் தள்ளுபடியை ஏப்ரல் 14-இல் ஆரம்பிக்க நினைத்து, மாதத்துக்கு 4 என்று கொடுத்தால் மே 14-இல் ஆரம்பிக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே ஒரு ஃபங்ஷனைச் சொல்லித்தரும்போது, "இதைத் தப்பாகக் கூப்பிட்டால் தெரியுமா, தெரியாதா?" என்ற கேள்வியையும் கூடவே கேளுங்கள். தெரியாதவற்றை மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அந்தப் பக்கம் சின்னதாகத்தான் இருக்கும்.

ஒரு நடைமுறை யோசனை. உங்கள் கோடு முழுக்க ஸ்டர்பாஸ் என்று தேடி, அடைப்புக்குறி திறந்ததும் நேராக மேற்கோள் குறி வரும் இடங்களைப் பாருங்கள். தேடப்படும் இடம் பெரும்பாலும் வேரியபிளாகத்தான் இருக்கும். கையால் எழுதிய சரம் முதலில் வந்திருந்தால் அநேகமாக வரிசை மாறியிருக்கிறது. எக்ஸ்ப்ளோடுக்கு இதன் மறுபக்கம்: மேற்கோள் குறி இரண்டாவதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

8.0-இல் ஸ்டர்_கன்டெய்ன்ஸ், ஸ்டர்_ஸ்டார்ட்ஸ்_வித், ஸ்டர்_எண்ட்ஸ்_வித் மூன்றும் வந்துவிட்டன. மூன்றும் பிரித்து எழுதப்பட்டவை, மூன்றிலும் தேடும் இடம்தான் முதலில். புதிதாகச் சேர்ப்பதையாவது சீராகச் சேர்க்கிறார்கள். ஆனால் இவற்றிலும் மாற்றிப் போட்டால் கத்தாது. அதே 8.0-இல் ஆர்க்யுமென்ட்டைப் பெயர் சொல்லிக் கொடுக்கும் வசதியும் வந்தது. ஹேஸ்டாக் (தேடும் இடம்) இது, நீடில் (தேடப்படுவது) இது என்று எழுதிவிட்டால் வரிசைப் பிரச்சினையே கிடையாது. 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, அந்தக் கடையை முதலில் மேலே ஏற்றுங்கள்.

---

பதில்: தாம்பரம் 2023 பேட்ச்

பைத்தான் சுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். பெயர்களைச் சின்ன எழுத்தில் அண்டர்ஸ்கோரோடு எழுதச் சொல்லும் பெப் 8 வழிகாட்டியைப் படித்துவிட்டு லாகிங் நூலகத்தின் பக்கம் போனால் கெட்லாகர் நடுவில் பெரிய எழுத்தோடு நிற்கிறது. சோதனை எழுதும் யூனிட்டெஸ்ட் நூலகத்தில் அசெர்ட்ஈக்வல், செட்அப் எல்லாமே அப்படி. அப்புறம்தான் தெரிந்தது, யூனிட்டெஸ்ட் ஜாவாவின் ஜேயூனிட்டைப் பார்த்துச் செய்தது, லாகிங் ஜாவாவின் லாக்4ஜே-வைப் பார்த்துச் செய்தது. பெப் 8-உம் நூலகப் பெயர்கள் முழுக்கச் சீராக வராது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறார்கள்: த்ரெடிங்கில் கரன்ட்த்ரெட்டுக்கு 3.10-இல் எச்சரிக்கை வந்தது, அசெர்ட்ஈக்வல்ஸ் என்ற பழைய மாற்றுப் பெயரை 3.12-இல் எடுத்தே விட்டார்கள். அக்கா, உங்கள் பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். எங்களை மாதிரிப் புதியவர்களுக்கு, நமக்குத்தான் மனசில் நிற்கவில்லையோ என்ற பயம் இருக்கும். பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பயம் போய்விட்டது.

---

பதில்: வடபழனி

ராப்பர் வேண்டாம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி ஒரு நூலகம் இருந்தது. யார் எழுதினாரோ அவர் போய்விட்டார். புதிதாக வருகிறவர் பிஎச்பியையும் கற்க வேண்டும், அந்த நூலகத்தையும் கற்க வேண்டும். மேனுவலில் தேடினால் கிடைக்காது. பாதிப் பேர் ராப்பரைக் கூப்பிட, மீதிப் பேர் நேரடியாகக் கூப்பிட, முன்பு இரண்டு பழக்கமாக இருந்தது மூன்றாகிவிட்டது. உங்கள் பிள்ளைகள் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போவார்கள். அங்கே ஸ்டர்பாஸ்தான் இருக்கும்.

ஆனால் விலைச்சீட்டு விஷயம் வேறு. அங்கே கட்டாயம் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். சப்ஸ்டரை மூடுவதற்காக இல்லை, அந்த வேலைக்கே பெயர் இல்லை என்பதற்காக. 'விலைச்சீட்டுக்குப் பெயரைச் சுருக்கு' என்பது உங்கள் தொழிலின் வேலை, பிஎச்பியின் வேலை இல்லை. உள்ளே கிராஃபீம்_சப்ஸ்டர் இருப்பது வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்.

மொழியின் பெயர்களை நாம் மாற்ற முடியாது. நம் பெயர்கள் நம் கையில்தான் இருக்கின்றன, அங்கேதான் நாம் இன்னும் மோசமாக இருக்கிறோம். ஒரு மொத்த வியாபாரிக்கான கணக்கு சாஃப்ட்வேரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கியைச் சொல்லும் ஃபங்ஷன். 'பாக்கி'யை ஆங்கில எழுத்தில் ஒருத்தர் ஒரு ஏ போட்டு எழுதியிருந்தார், அடுத்தவர் இரண்டு ஏ, இன்னொருத்தர் இரண்டு கே. நாலாவதாக வந்தவர் தேடிப் பார்த்து, தனக்குத் தோன்றிய ஸ்பெல்லிங்கில் கிடைக்கவில்லை என்று கெட்பேலன்ஸ் என்று புதிதாக ஒன்று எழுதிவிட்டார். நாலும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று திருப்பி வந்த சரக்கைக் கழிக்கும், ஒன்று கழிக்காது. ஒரே வாடிக்கையாளருக்கு ஸ்கிரீனில் ஒரு தொகை, பிரின்டில் ஒரு தொகை. பெருங்குடி நண்பர் சொன்ன கத்தாத ஜாதி இதுதான்.

தமிழ்ச் சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாக்கி, வரவு, கைமாத்து எல்லாம் கடைக்காரர் பேசும் சொற்கள், அவற்றுக்குச் சரியான ஆங்கிலம் தேடிப் போய்க் கருத்தைக் கெடுப்பதைவிட அப்படியே வைக்கலாம். ஆனால் எழுதும் விதம் ஒன்றாக இருக்க வேண்டும். ரிப்பாசிட்டரியில் ஒரே ஃபைலில் சொல்பட்டியல் வையுங்கள். அதில் இல்லாத சொல்லோடு கோடு ரிவ்யூவுக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வினைச்சொற்களுக்கும் அதே மாதிரி. கெட், ஃபெட்ச், லோட் மூன்றையும் ஒரே பொருளில் போடாதீர்கள். ரஸ்ட் மொழியில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். ஒரு மதிப்பை வேறொன்றாக மாற்றும் ஃபங்ஷன் ஆஸ்_ என்று தொடங்கினால் செலவு கிடையாது, டு_ என்றால் வேலை பிடிக்கும், இன்டு_ என்றால் பழையதை விழுங்கிவிடும். பெயரைப் பார்த்தவுடனே விலை தெரிகிறது. ஸ்நேக் கேஸில் (சின்ன எழுத்தும் அண்டர்ஸ்கோருமாக) எழுதாவிட்டால் அந்தக் கம்பைலரே எச்சரிக்கிறது, ஆளுக்கு ஆள் சண்டை போட வேண்டியதில்லை.

---

கேட்டவரின் மறுபதில்: கிண்டி நிரலர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்பத்தூர் ஐயா எழுதிய பதிலை வகுப்பில் அப்படியே படித்துக் காட்டினேன். ஆறு எழுத்துக் கணக்கைக் கேட்டதும் ஸ்டர் என்று தொடங்கும் சி பெயர்களை அவர்களே பட்டியல் போட்டு, சி-யிலிருந்து வந்தது எது, பிஎச்பியில் பிறந்தது எது என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேள்வி கேட்ட பெண்ணுக்குத் தன் கேள்விக்கு ஒரு நிஜமான பதில் இருக்கிறது என்பதில் ரொம்ப சந்தோஷம்.

பெருங்குடி நண்பர் சொன்ன தேடலை அன்றைக்கே ஓட்டினோம். மேற்கோள் குறி முதலில் வரும் ஸ்டர்பாஸ்கள் வந்தன. சிலவற்றில் பிரச்சினையில்லை. ஒன்று தள்ளுபடிக் கோடில் இருந்தது. சலுகையின் பெயரில் 'ஆடி' என்று இருந்தால் தள்ளுபடி விகிதத்தைத் தானாகப் போட வேண்டிய இடம். 'ஆடி' என்ற சொல்லுக்குள் சலுகையின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது கோடு. 'ஆடித் தள்ளுபடி' அதற்குள் எப்படிக் கிடைக்கும்? கடையில் விசாரித்தால், கல்லாவில் இருப்பவர் ஒவ்வொரு பில்லுக்கும் தள்ளுபடியைக் கையால் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சாஃப்ட்வேரே அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு யாரும் புகார் சொல்லவில்லை.

வரிசையைத் திருப்பிப் போட்டோம். அப்போதும் தள்ளுபடி விழவில்லை. இதை நானே பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். 'ஆடித் தள்ளுபடி'யில் 'ஆடி' கிடைக்கும் இடம் 0. ஸ்டர்பாஸ் 0 என்று சரியாகத்தான் சொல்கிறது. அதை அப்படியே இஃப்-க்குள் போட்டிருந்ததால், 0 என்பது இல்லை என்றாகிவிட்டது. ஒரே வரியில் கத்தாத பிழை இரண்டு. ஸ்டர்_கன்டெய்ன்ஸ் இருந்தால் இரண்டாவது வந்தே இருக்காது, ஆனால் அது 7.4-இல் கிடையாது. இப்போதைக்கு ஃபால்ஸோடு மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டிருக்கிறோம். சர்வரை மேலே ஏற்ற முதலாளியிடம் சம்மதம் வாங்கியாயிற்று. ஆடி மாதக் கூட்டம் முடிந்ததும் செய்யலாம் என்றிருக்கிறார்.

ராப்பர் யோசனையைக் கைவிட்டோம். ஆர்வமாக இருந்த இருவரிடமும் அந்த உழைப்பை விலைச்சீட்டு ஃபங்ஷனில் காட்டச் சொன்னேன். சோதனைக்காகக் கடையின் பொருள்பட்டியலிலிருந்து நீளமான தமிழ்ப் பெயர்களை எடுத்து டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கத்தாத ஃபங்ஷன்களின் பக்கமும் ஒட்டியாயிற்று. ஸ்டர்பாஸ், எக்ஸ்ப்ளோடு, சப்ஸ்டரும் சப்ஸ்ட்ரிங்கும், ஸ்லைஸும் ஸ்ப்ளைஸும், கெட்மந்த். இன்_அரேயையும் சேர்த்திருக்கிறோம். வரிசை மாறினால் அது கத்தும்தான், ஆனால் மூன்றாவது ஆர்க்யுமென்ட்டாக ட்ரூ கொடுக்காவிட்டால் டைப்பைப் பார்க்காமல் தளர்வாக ஒப்பிடும், அது கத்தாது.

வடபழனி நண்பருக்கு ஒரு கேள்வி. சொல்பட்டியல் ஃபைலை ஆரம்பித்துவிட்டோம். எங்களிடமும் 'பாக்கி' இரண்டு ஸ்பெல்லிங்கில் இருக்கிறது, ஒன்று டேட்டாபேஸ் டேபிளின் கால்ம் (நெடுவரிசை) பெயராகவே உட்கார்ந்திருக்கிறது. கோடில் மட்டும் மாற்றிவிட்டு கால்ம் பெயரை அப்படியே விடுவதா, இல்லை சர்வரை ஏற்றும் அதே சமயத்தில் அதையும் மாற்றிவிடுவதா? நீங்கள் அந்த நாலு ஃபங்ஷனை ஒன்றாக்கியபோது எதை முதலில் தொட்டீர்கள்?

---

பதில்: வடபழனி

இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள் மேடம். ஏதாவது தப்பினால் எதனால் தப்பியது என்று தெரியாது. முதலில் சர்வர். அது நிலைத்த பிறகு கோடில் ஒரே பெயர், பழைய கால்மைப் படிக்கும் இடம் ஒரே ஒரு ஃபைலாக இருக்கட்டும். கால்மை நாங்கள் கடைசியில்தான் தொட்டோம். அதற்கு முன்னால் நாலு ஃபங்ஷனையும் ஒரே வாடிக்கையாளர் பட்டியல்மேல் ஓட்டி, தொகை வேறுபடும் பெயர்களை எல்லாம் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தோம். எது சரி என்று அவர்தான் சொன்னார்.